பதினாறாம் நம்பர் பல்

பல் டாக்டரைக் கண்டு பயப்படாதவர்கள் உலகத்தில் இரண்டு வகை. ஒன்று, பல்லே இல்லாதவர்கள். இரண்டு, பல் டாக்டரின் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் இரண்டாவது வகை. 'அத்தான், வாயைத் திறங்க' என்று என்னிடம் சொல்லக்கூடிய ஒரே ஜீவன் என் மச்சினன்தான். வீட்டில் மற்றவர்கள் எல்லாம் மூடச் சொல்கிறவர்கள்.

இந்த மச்சினனுக்கு அமெரிக்காவில் பல் பார்க்கணும் என்று ஆசை. தப்பில்லை. ஆனால் கம்ப்யூட்டர் பையன்கள் மாதிரி பெட்டியைக் கட்டிக்கொண்டு நேராக வேலையில் போய் உட்கார்ந்துவிட முடியாது. நம்ம ஊர் பி.டி.எஸ். நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி. அந்த ஐந்து வருஷத்தையும் அமெரிக்கா கையில் வாங்கி, 'ரொம்ப சந்தோஷம்' என்று சொல்லி, திருப்பிக் கையிலேயே கொடுத்துவிடும். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் வேண்டுமென்றால், அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மறுபடி மாணவனாகப் போய் உட்கார வேண்டும். அதற்கு 'அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங்' என்று பெயர். இரண்டிலிருந்து மூன்று வருஷம். முடித்தால் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. இரண்டும் ஒரே மரியாதைதான், பெயர்தான் வேறு. 1867-ல் ஹார்வர்டில் பல் மருத்துவப் பள்ளி ஆரம்பித்தபோது பட்டத்தை லத்தீனில்தான் எழுதுவோம் என்று பிடிவாதம் பிடித்ததால் வந்த குழப்பம்.

என் மாமியார் ஆரம்பத்திலேயே கேட்டார்: "ஏன் மாப்பிள்ளை, அங்க இருக்கறவங்களுக்கும் முப்பத்திரண்டு பல்லுதானே?"

நியாயமான கேள்வி. பதில்தான் கிடைக்கவில்லை.

இந்தச் சீட்டுகளுக்கு 'கேப்பிட்' என்று ஒரு பொது விண்ணப்பம். நம்ம ஊர் சிங்கிள் விண்டோ மாதிரிதான். பத்திரம் கொடுக்கத்தான் ஒரே ஜன்னல். பணம் கட்ட ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு ஜன்னல். அதற்கு முன்னால் 'ஐ.என்.பி.டி.இ.' என்று ஒரு பரீட்சை. 2020 ஆகஸ்டில் வந்தது. இரண்டு நாள், 500 கேள்வி. முதல் நாள் 360, இரண்டாம் நாள் 140. இவ்வளவு எழுதினால் ரிசல்ட் என்ன தெரியுமா? 'பாஸ்.' அவ்வளவுதான். மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. எங்கள் காலத்தில் மார்க்கைச் சொல்லாமல் 'பாஸ்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா செருப்பைத் தேடுவார்.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. மார்க் இல்லை என்றால், பாஸ் ஆனவர்கள் எல்லாரும் கல்லூரிக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பிறகு எதை வைத்து ஆளைப் பொறுக்குவது? கையை வைத்து, வாயை வைத்து, அடுத்தவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை வைத்து. கை என்றால் 'பெஞ்ச் டெஸ்ட்.' பொம்மைத் தலைக்குள் பிளாஸ்டிக் பற்கள். குறித்த நேரத்துக்குள் ஒரு பல்லைக் கிரீடம் மாட்டுகிற மாதிரி செதுக்கித் தர வேண்டும். கணக்கெல்லாம் மில்லிமீட்டரில், அதுவும் அரை, ஒன்றரை என்று. நாம் பஸ்ஸில் இரண்டு ரூபாய் சில்லறை போனாலே ஊரைக் கூட்டுகிறவர்கள். அங்கே அரை மில்லிமீட்டர் கூடுதலாகச் செதுக்கினால் அமெரிக்காவே போய்விடும்.

மச்சினன் முதல் தடவை எட்டு கல்லூரிக்குப் போட்டான். இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. ஐந்து இடத்திலிருந்து 'வருந்துகிறோம்.' ஒரே ஒரு இடத்தில் பெஞ்ச் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்துப் போனான். திரும்பி வந்த பிறகு அங்கிருந்தும் 'வருந்துகிறோம்.'

அமெரிக்கக்காரனின் மறுப்புக் கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டும். எவ்வளவு நாகரிகம்! 'உங்கள் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன, இந்த ஆண்டு போட்டி கடுமை, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்...' என் மாமனாருக்கு அதை வாசித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் சீட் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும், "எப்ப சேரணுமாம்?" என்றார். நம்ம ஊர் ஆபீஸில் ஒரே வார்த்தையில், 'ஆகாது, போய்யா' என்று முடித்துவிடுவார்கள். அதில் ஒரு தெளிவு இருக்கிறது.

அடுத்த ஒரு மாதம் வீட்டில் மயான அமைதி. சொந்தக்காரர்கள் மட்டும் போனில் தவறாமல் விசாரித்தார்கள். பையனுக்கு வயது இருபத்தேழு. பெண் வீட்டார் ஒருவர், 'அமெரிக்காவா, அம்பத்தூரா, சீக்கிரம் சொல்லுங்க' என்றே கேட்டுவிட்டார்.

மறுபடியும் போடுவதா, விடுவதா? பி.காம். படித்தவன் ஒருவன் குடும்பத்தில் இருந்தால் அவனுக்கு வேலை வருவது இந்த மாதிரி நேரத்தில்தான். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். முதல் தடவை செலவு, விமானம் உட்பட, ஏழு லட்சத்து நாற்பதாயிரம். மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவு போட்டாச்சு மாப்பிள்ளை. இப்ப விட்டா அத்தனையும் வீணாச்சே!"

அங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். கணக்கியலில் இதற்கு 'சங்க் காஸ்ட்' என்று பெயர். முங்கிப்போன பணம். விட்டாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் திரும்பாது. அதனால் முடிவெடுக்கும்போது அதைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. பார்க்க வேண்டியது இரண்டுதான். இனிமேல் எவ்வளவு போகும்? இந்த முறை எது மாறியிருக்கும்?

இரண்டாவது கேள்விக்கு மச்சினன் முழித்தான். "அதே அப்ளிகேஷன்தான் அத்தான். லக் மாறலாம்."

"மச்சான், தேதியை மட்டும் மாத்தி அனுப்பினா பதில்லயும் தேதி மட்டும்தான் மாறும்" என்றேன்.

எட்டு கல்லூரிக்கும் கடிதம் எழுதச் சொன்னேன். 'எங்கே குறை, சொன்னால் திருத்திக்கொள்வேன்' என்று பணிவாக நாலு வரி. மூன்று பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர், அப்படிச் சொல்வது எங்கள் வழக்கமில்லை என்றார்கள். மூன்றாவது அம்மணி மட்டும் புண்ணியவதி. மூன்று காரணம் சொன்னார். ஒன்று, விண்ணப்பம் கடைசி வாரத்தில் வந்தது. வரிசைப்படி பார்த்துக் கூப்பிடுகிறவர்கள், அதற்குள் பெரும்பாலான இடங்களுக்கு ஆள் கூப்பிட்டாயிற்று. இரண்டு, சிபாரிசுக் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் போலிருந்தது. மூன்று, படிப்பு முடிந்த பிறகு என்ன செய்தார் என்பதே தெரியவில்லை.

மூன்றும் நிஜம். பேராசிரியர் கொடுத்த கடிதத்தில், 'இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று இருந்தது. அதை வைத்து எனக்கே பல் கல்லூரியில் சீட் கேட்கலாம்.

பிறகு எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பட்டியல் போட்டோம். பரீட்சை பாஸ் ஆனது உயிரோடு. டோஃபலுக்கு மட்டும் பால் பாக்கெட் மாதிரி தேதி உண்டு. இரண்டே வருஷம். இவனுடையது அடுத்த சீசனுக்கு முன்னாலேயே திரிந்துவிடும், மறுபடி எழுத வேண்டும். கடிதங்களைப் புதிதாக வாங்க வேண்டும், இவன் கை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரிடமிருந்து. ஆக, இனி ஆகக்கூடிய செலவு மூன்று லட்சம்.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி எழுதி அவன் கையெழுத்தை வாங்கினேன். 'மூன்றாவது தடவை கிடையாது.' கிடைக்காவிட்டால் இங்கேயே எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு, அல்லது கனடா. கனடாவில் கல்லூரிக்குப் போகாமல் தேர்வுகள் வழியாகவே லைசென்ஸுக்குப் போக ஒரு பாதை இருக்கிறது. ஷேர் மார்க்கெட்டில் 'ஸ்டாப் லாஸ்' என்பார்களே, அதேதான். தோற்ற பிறகு எழுத உட்கார்ந்தால் கை வராது. ஆரம்பிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். அவன் கையெழுத்துப் போட்டபோது கை கொஞ்சம் நடுங்கியது. நானும் கவனிக்காத மாதிரி பேனாவை மூடிவைத்தேன்.

அதற்கப்புறம் பையன் ஆளே மாறிவிட்டான். பகலில் ஒரு கிளினிக்கில் வேலை. ராத்திரி மொட்டைமாடி அறையில் பிளாஸ்டிக் பல். தினம் மூன்று பல் செதுக்குவான். ஒருநாள் மாமியார் வடாம் பொரித்தார். சுவையில் ஏதோ வித்தியாசம். விசாரித்தால், மாடியில் காயப்போட்ட வடாம் மேல் பல் தூள் பறந்திருக்கிறது! கால்சியம் என்று நினைத்துச் சாப்பிட்டோம்.

அந்தச் சமயம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. பார்த்துவிட்டு, "பதினாறாம் நம்பர் பல் அத்தான்" என்றான். உடனே தலையை ஆட்டி, "இல்ல இல்ல, மூணு" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு பல் வலிக்குது என்று போனால் மூணு என்கிறானே! அப்புறம் விளக்கினான். நம்ம ஊரில் வாயை நாலாகப் பிரித்து நம்பர் போடுகிறார்கள். மேல் வலதுபக்க முதல் கடைவாய்ப் பல் 16. அமெரிக்காவில் ஒன்றிலிருந்து முப்பத்திரண்டு வரை வரிசையாக. அங்கே அதே பல் 3. அமெரிக்காவின் 16 எது என்றால், மேலே இடதுபக்கக் கோடியில் இருக்கும் ஞானப்பல். ஆக, ஊர் மாறினால் நம்பர் போட்ட கன்னமே மாறிவிடுகிறது. 'நீ எந்த ஊர் கணக்கில் பிடுங்கப் போகிறாய்?' என்று கேட்டுத் தெளிவு பெற்ற பிறகுதான் வாயைத் திறந்தேன்.

இரண்டாவது தடவை ஆறு கல்லூரிக்கு மட்டும் போட்டான். விண்ணப்பம் திறந்த முதல் வாரத்திலேயே. 'இதற்கு முன் எங்களுக்கு விண்ணப்பித்தது உண்டா?' என்று கேட்ட இடத்தில் 'உண்டு' என்று எழுதி, அதற்குப் பிறகு என்னென்ன மாறியது என்று நாலு வரி சேர்த்தான். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். ஒன்றில் வழக்கமான வாழ்த்து. ஒன்றில் சீட்.

பாயசத்தோடு கதை முடியவில்லை. அப்புறம்தான் ஃபீஸ். இந்தப் படிப்புக்கு மொத்தம் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டுகிற தனியார் கல்லூரிகள் உண்டு. இவனுடையது அதில் ஒன்று. நம்ம பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். வெளிநாட்டு மாணவனுக்கு அமெரிக்க அரசாங்கக் கடன் கிடையாது. அங்கேயே கடன் வாங்கலாம் என்றால், பெரும்பாலும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரே அமெரிக்கர் கொலம்பஸ், அவரும் அமெரிக்கர் இல்லை. முதல் வருஷச் செலவுக்குப் பணம் காட்டினால்தான் கல்லூரி ஐ-20 தரும், அது இருந்தால்தான் விசா.

மாமனார் ஒன்றும் பேசவில்லை. பீரோவைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். முப்பத்தைந்து வருஷ உத்தியோகம் அந்த மஞ்சள் பைக்குள் இருந்தது. "நீங்க கணக்குப் பார்த்துச் சொல்லுங்க மாப்பிள்ளை" என்றார்.

பார்த்தேன். மாதத் தவணை, வட்டி, டாலர் ஏறினால் என்ன, வேலை ஒரு வருஷம் தள்ளினால் என்ன, எல்லாம் எழுதிக் காட்டினேன். மச்சினன் அதைப் படித்துவிட்டு, "வீடு முழுகுற மாதிரி இருந்தா வேண்டாம் அத்தான். நிஜமாத்தான் சொல்றேன்" என்றான். முதல் தடவை தோற்றபோது இந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வந்திருக்காது. மாமனார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் பேனாவைக் கேட்டார்.

பல் விஷயத்தில் அமெரிக்கா போய் வந்த நம்மவர்களில் எனக்குப் பிடித்தவர் டாக்டர் ரஃபியுதீன் அகமது. அயோவாவில் படித்து 1915-ல் பட்டம் வாங்கியவர். ஊர் திரும்பி 1920-ல் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கல்கத்தாவில் ஆரம்பித்தார். அதற்குப் பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை வைத்துச் சம்பாதித்தாராம். ஒரு பக்கம் ஜில்லென்று குடிக்க வைத்து, மறுபக்கம் பல்லுக்கு வைத்தியர்களை உருவாக்கிய மனிதர். வியாபாரம் படித்தவன் என்ற முறையில் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மச்சினனுக்குப் பெட்டி கட்டியாகிறது. மாமியார் ஒரு டப்பா நிறையப் பொருவிளங்காய் உருண்டை பிடித்து வைத்திருக்கிறார். "ஹாஸ்டல்ல கூட இருக்கற பசங்களுக்கும் குடுப்பா" என்கிறார். சுத்தியல் இல்லாமல் உடையாத உருண்டை. நான் தடுக்கவில்லை. பெஞ்ச் டெஸ்ட்டுக்குப் பிளாஸ்டிக் பல் போதும். பிராக்டீஸுக்கு நிஜப் பல் உடைய வேண்டாமா?