ஓரம் தப்பி வெட்டிய தபால் கார்டு: அச்சகத்துக் கத்தியா, கத்தரிக்கோலா?



நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கார்டின் படம் அனுப்பினார். 15 காசு புலி கார்டு. புலி ஸ்டாம்பு வலது பக்கம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. "சார், அபூர்வமான பிழையாம், 4,000 ரூபாய் சொல்றாங்க, வாங்கலாமா?" என்று கேட்டார். இந்த வருஷம் இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் அவர். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

தபால் கார்டை ஒவ்வொன்றாக அச்சடிப்பதில்லை. பெரிய தாளில் பல கார்டுகளை ஒன்றாக அடித்து, தாள்களை அடுக்கி, கட்டிங் மெஷினில் வெட்டுவார்கள். அடுக்கு நகர்ந்திருந்தால் கத்தி தப்பான இடத்தில் இறங்கும். ஆனால் மெஷினில் வைத்த அளவு மாறாது. அதுதான் சூட்சுமம். கார்டு 14க்கு 9 செ.மீ. சரியாகவே இருக்கும், உள்ளே அச்சு மட்டும் தள்ளிப்போயிருக்கும். வலது பக்கம் எவ்வளவு போனதோ அவ்வளவு இடது பக்கம் கூடியிருக்க வேண்டும், வெறும் தாளாகவோ பக்கத்துக் கார்டின் அச்சாகவோ. (தாள் மடிந்து வெட்டுப்பட்டது வேறு கதை. அதை விரித்தால் கார்டை விடப் பெரிதாக இருக்கும்.)

2002இல் வந்த 25 காசு மேகதூத் கார்டில் இதைப் பார்ப்பது இன்னும் சுலபம். இடது பாதியில் விளம்பரம் இருக்கும். வெட்டுக் கோளாறு என்றால் விளம்பரமும் ஸ்டாம்பும் ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்ந்திருக்கும்.

விற்பவரிடம் ஸ்கேல் வைத்துப் படம் கேட்கச் சொன்னேன். நீளம் 13.2 செ.மீ. அதே காலத்துச் சாதாரணக் கார்டு என்னிடம் இருப்பது 14. எட்டு மில்லிமீட்டர் எங்கே போயிற்று? இடது ஓரத்திலும் எதுவும் கூடவில்லை. பிறகு பின்பக்கத்தைக் கேட்டு வாங்கினோம். யாரோ வீட்டுக்கு எழுதிய கடிதம். "குழந்தைக்கு உடம்பு இப்போது" என்று வரி ஓரத்துக்குப் போகிறது, அடுத்த சொல் இல்லை. எல்லா வரியும் அப்படியே, பாதி எழுத்தில் அறுந்து நிற்கிறது. வெட்டுப்பட்ட கார்டில் எழுத உட்கார்ந்தவர் ஓரத்தைப் பார்த்து வரியை மடக்கியிருப்பார். எழுதி, போஸ்ட் செய்து, பல வருஷம் கழித்து வெட்டியிருக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

(சீல் ஓரத்தில் அறுந்திருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அவசரத்தில் ஓரத்தில் குத்தினால் அது தானாகவே வெளியே ஓடும்.)

அசலே ஆனாலும் 4,000 கொடுக்கலாமா? என் கருத்து, கூடாது. 1854இல் கல்கத்தாவில் அச்சான நாலணா ஸ்டாம்பில் ராணியின் தலை தலைகீழாக விழுந்ததே, அது பிழை, உலகம் அறிந்தது. வெட்டுக் கோளாறு ஒவ்வொரு கார்டிலும் ஒவ்வொரு விதமாக வரும் தற்செயல். அதைப் பெரிய கேட்டலாக்குகள் பொதுவாகத் தனி எண் கொடுத்துப் பட்டியலிடுவதில்லை. வேடிக்கைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஒரு டிபன் காசுக்கு. அச்சகத்தில் கழித்த தாள் புறவாசல் வழியாக வெளியே வந்ததை நான் பிழை என்றே சொல்லமாட்டேன். அது கவுண்டரில் விற்றதில்லையே.

எனக்குக் கோபம் பணத்தில் இல்லை. கல்வராயன் மலையில் வேலை பார்த்த வருஷங்களில், கேரளாவுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவர்களிடமிருந்து வரும் கார்டுதான் ஊருக்குச் சேதி. எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன்! "இன்னொரு தடவை படிங்க சார்" என்பார்கள். அந்த மாதிரிக் கார்டைத்தான் இப்போது பிழை தயாரிக்க வெட்டுகிறார்கள். அந்தக் குழந்தைக்கு உடம்பு தேவலையானதா என்று இனி யாருக்கும் தெரியாது.

வெட்டாத கார்டிலேயே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. முகவரியை மட்டும் பாருங்கள். 1993 வரை நம் கள்ளக்குறிச்சிக்குத் தென்னாற்காடு மாவட்டம் என்று எழுதினோம், பிறகு விழுப்புரம், 2019 முதல் நம் பெயரிலேயே மாவட்டம். ஒரே வீட்டுக்கு வந்த மூன்று கார்டில் மூன்று மாவட்டம் இருக்கலாம்.

வீட்டுப் பரணில் கார்டுக் கட்டு இருந்தால் ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், அது இளகி ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்: இரண்டு பக்கமும், நாலு ஓரமும் தெரிய, பக்கத்தில் ஸ்கேல் வைத்து.