பாட்டும் படிப்பே

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா என்றால் முதலில் கேட்பது நாதசுவரமும் தவிலும்தான். 1929இல் போ நிறுவனம் இங்குத் தேயிலைத் தொழிலைத் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களோடு தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் வந்தன. ஆனால், அத்தோட்டத்துப் பிள்ளை ஒன்று, “நான் பாடகியாகப் போகிறேன்” என்றால், “பாட்டு சோறு போடுமா?” என்றே வீட்டில் கேட்பார்கள். உழைத்துப் பிழைக்கும் குடும்பம் அப்படிக் கேட்பதில் தவறில்லை. பாட்டு என்பது பிறவி வரம், அதைப் படிக்க வேண்டியதில்லை என்று நினைப்பதே தவறு.

ஜாஸ் இசையை எடுத்துக்கொள்வோர் இதை எளிதில் உணர்வர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. பருத்திக் காட்டு உழைப்பாளிகளின் பாடல்களும் அதன் வேர்களுள் அடங்கும். பாடகர் மேடையிலேயே மெட்டைப் புதிதாக வளர்த்துச் செல்வார். சில வேளைகளில் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஒலிகளாலேயே பாடுவார். கேட்பவருக்கு விளையாட்டாகத் தோன்றும். ஆனால், 1934இல் தம் 17ஆம் வயதில் நியூயார்க்கின் அப்போலோ அரங்கில் போட்டியில் வென்ற எல்லா பிட்சுஜெரால்டு, அதன்பின் சிக் வெப்பின் இசைக்குழுவில் ஆண்டுக்கணக்கில் பாடிப் பாடித்தான் தேர்ந்தார்.

பெங்களூருவின் ஆர். ஏ. ராமமணி இன்னும் நெருங்கிய சான்று. கர்நாடக இசையில் பயின்ற அவர், சுரத்திலும் தாளத்திலும் பெற்ற பயிற்சியோடு ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் பாடினார். 1983இல் அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோவுடன் அவர் பாடிய ‘ஜோதி’ என்னும் இசைத்தட்டு ஜெர்மனியில் வெளிவந்தது. அதற்காக அவர் தம் இசையைக் கைவிடவில்லை. ஆலாபனையும் கற்பனைசுரமும் அறிந்த குரலுக்கு, அந்த நொடியில் இசையைப் படைப்பது புதிதன்று.

இதில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1960களில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சியளிக்கக் கோலாலம்பூர் வந்தபோதுதான் மரியானோ நாதசுவரத்தை அறிந்தார். பின்னர்த் தென்னிந்தியா சென்று அதைக் கற்றார். தோட்டத்துப் பிள்ளை ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய ஓசை, உலகறிந்த கலைஞர் ஒருவரை மாணவராக்கியது!

பாடக் கற்ற எல்லாரும் மேடையேறிச் சம்பாதிக்க முடியாது என்பது உண்மையே. சிலர் இசையாசிரியர் ஆவர். சிலர் வேறு தொழில் செய்துகொண்டு வார இறுதியில் பாடுவர். எனினும், வாய்ப்பே இல்லாமல் போவது வேறு. கோலாலம்பூரில் அசுவாரா கலைக்கழகமும் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிசு கல்வியியல் பல்கலைக்கழகமும் இசையைப் பாடமாகக் கற்பிக்கின்றன. அங்குச் சேர விரும்பும் மலைப்பகுதி மாணவர் பதினெட்டு வயதில்தான் முதன்முதலாகச் சுருதிப்பெட்டியைத் தொடுவார் என்றால், நகரத்துப் பிள்ளைகளோடு எப்படிப் போட்டியிடுவார்?

தோட்டங்களில் கோயில் மண்டபம் இருக்கிறது; சனிக்கிழமைக் காலையும் இருக்கிறது. ஈப்போவிலிருந்தோ தாப்பாவிலிருந்தோ ஓர் ஆசிரியரை வாரம் ஒருமுறை மேலே வரவழைக்கும் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிர்வாகமும் பகிர்ந்துகொண்டால், முதல் சரளிவரிசையை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.