கம்ப்யூட்டருக்குத் தனிக் காவல் தேவையா?

கடைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் நம் உறுப்பினர்களிடம், ஆண்டிவைரஸ் இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள் என்று விற்பவர் சொல்வது வழக்கம். சிலவற்றில் கொஞ்ச காலம் இலவசம் என்று ஏற்றியே தருகிறார்கள். கெடு முடிந்ததும் பணம் கட்டச் சொல்லித் தினமும் திரையில் வந்து நிற்கும். பாக்கி கேட்டு வருபவர்கூட இவ்வளவு நச்சரிக்க மாட்டார்!

இன்று விற்பனையாகும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. பில் போடவும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு அது போதும் என்பதே நம் கருத்து. கெடு முடிந்த ஆண்டிவைரஸை நீக்கிவிட்டால் டிஃபெண்டர் தானே காவலுக்கு வந்துவிடும்.

நாம் அஞ்ச வேண்டியது வேறு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர் கணக்குகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அப்டேட் வரும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளிவிடும் நம் கடைப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. தெரிந்தவர் ஏற்றித் தந்த திருட்டு விண்டோஸோ, வேலிக்குள்ளேயே பாம்பை விட்ட கதை.

ஆண்டிவைரஸுக்கு வைத்திருந்த பணத்தில் தனி ஹார்டுடிஸ்க் ஒன்று வாங்குங்கள். எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது? இரவு கடை சாத்துமுன் அன்றைய கணக்கை அதில் நகல் எடுத்து, கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். செருகியபடியே விட்டால் வருகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.