செயின்ட் லூயிஸ்: இலவச வாசலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் எங்கே கூட்டிப்போவார்கள்? நயாகரா, நியூயார்க், வாஷிங்டன். கையில் காசும் காலில் தெம்பும் இருந்தால் லாஸ் வேகாஸ். மிசௌரி மாநிலத்தில் மிஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற செயின்ட் லூயிஸை யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் "அங்கே அந்த வளைவைத் தவிர என்ன இருக்கு?" என்பார்கள். கூடவே "அது ஆபத்தான ஊராச்சே" என்று ஒரு எச்சரிக்கையும் வரும்.

இரண்டுமே அரைகுறைத் தகவல். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களுமாக ஒரு குடும்பம் கிளம்பினால், பர்ஸைத் திறக்காமல் மூன்று நாள் சுற்றிப்பார்க்கக்கூடிய அமெரிக்க நகரங்கள் மிகக் குறைவு. வாஷிங்டன் ஒன்று. அங்கே ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகங்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கிறது. செயின்ட் லூயிஸில் கொடுப்பது உள்ளூர்க்காரர்கள், தங்கள் வீட்டு வரியிலிருந்து. இந்த வித்தியாசம் வருகிற பயணிக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் நன்றாக இருக்கும்.

முதலில் ஃபாரஸ்ட் பார்க். 1876ல் திறந்த பூங்கா. ஏறத்தாழ 1,300 ஏக்கர், அதாவது நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரியது. 1904ல் உலகக் கண்காட்சி நடந்தது இங்கேதான். அப்போது கட்டிய மாளிகைகளில் பெரும்பாலானவை தற்காலிகமானவை. கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். நிலைத்து நிற்கும்படி கட்டியது கலை மாளிகையை. கேஸ் கில்பர்ட் வடிவமைத்த அந்தக் கட்டடம்தான் இன்றைய கலை அருங்காட்சியகம். வாசலுக்கு மேலே, இது கலைக்கு அர்ப்பணம், எல்லோருக்கும் இலவசம் என்ற பொருளில் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் செதுக்கியதை மாற்றுவது கஷ்டம் என்று தெரிந்து செய்தார்களோ என்னவோ!

அதே கண்காட்சிக்காக ஸ்மித்ஸோனியன் ஒரு பிரம்மாண்டமான பறவைக் கூண்டைக் கட்டியது. மனிதர்கள் உள்ளே நடந்து போகலாம், பறவைகள் தலைக்கு மேல் பறக்கும். கண்காட்சி முடிந்ததும் அதைப் பிரித்து வாஷிங்டனுக்கு எடுத்துப்போவதாகத்தான் திட்டம். ஊர் மக்கள் விடவில்லை. நகரம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தக் கூண்டிலிருந்து வளர்ந்ததுதான் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலை. 1916ல் அதற்காகத் தனி வரி போட்டுக்கொள்ள நகர மக்களே வாக்களித்தார்கள். அதே காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்து மிஸ் ஜிம் என்ற யானையை வாங்கிக் கொடுத்தார்கள்.

இன்றும் அந்தக் கூண்டு இருக்கிறது. மிருகக்காட்சி சாலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே ஓடும் குட்டி ரயில், ராட்டினம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் டிக்கெட். அவர்களுடைய வாகன நிறுத்தத்துக்கும் காசு வாங்குகிறார்கள். பூங்காவின் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடந்தால் அதுவும் மிச்சம். கார் இல்லாதவர்கள் விமான நிலையத்திலிருந்தே மெட்ரோலிங்க் ரயிலைப் பிடித்துப் பூங்கா அருகில் இறங்கலாம்.

பூங்காவிலேயே மிசௌரி வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் மையம் எல்லாம் உண்டு. அறிவியல் மையத்தின் கட்டடத்தையும் கோளரங்கத்தையும் ஒரு நெடுஞ்சாலை பிரிக்கிறது. அதற்கு மேலே ஒரு நடைபாலம். பாலத்தில் ரேடார் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். கீழே போகிற கார்களின் வேகத்தைக் குழந்தைகள் அளந்து பார்க்கலாம். லட்சக்கணக்கில் செலவழித்த காட்சிக்கூடங்களை விட்டுவிட்டுப் பொடிசுகள் இந்தத் துப்பாக்கியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

டிக்கெட் இல்லாத அருங்காட்சியகத்தில் பார்க்கும் முறையே மாறிவிடுகிறது. சிகாகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு நான்கு பேர் கொண்ட குடும்பம் போனால் எளிதாக நூறு டாலரைத் தாண்டிவிடும். நூறு டாலர் கொடுத்தபின் எந்த அப்பாவுக்கு மனசு ஆறும்? ஒரு கூடத்தையும் விடக்கூடாது. குழந்தை தூங்கி வழிந்தாலும் தூக்கிக்கொண்டு "அங்க பார், திமிங்கிலம் பார்" என்று இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. செயின்ட் லூயிஸில் அந்தக் கட்டாயம் இல்லை. கலை அருங்காட்சியகத்தில் எகிப்திய மம்மியை மட்டும் பார்த்துவிட்டு முக்கால் மணியில் வெளியே வரலாம். மாக்ஸ் பெக்மன் ஓவியங்கள் உலகிலேயே அதிகமாக இருக்கிற இடம் இதுதான் என்று யாராவது சொன்னால், மறுநாள் காலை திரும்பப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டிக்கு முட்டி வலித்தால் புல்வெளியில் உட்கார்ந்துகொள்ளலாம். காசு வீணாயிற்றே என்று யாரும் முணுமுணுக்கப் போவதில்லை.

சரி, இதற்கு யார் கொடுக்கிறார்கள்? கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1876ல் செயின்ட் லூயிஸ் நகரம், தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியிலிருந்து பிரிந்துபோனது. நகரம் பணக்காரன், கவுன்ட்டி வெறும் வயல்காடு, அதற்கு எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற கணக்கு. நூறு வருஷத்துக்குள் கணக்கு தலைகீழானது. 1950ல் 8,56,796 பேர் இருந்த நகரம் 2020 கணக்கெடுப்பில் 3,01,578 ஆகிவிட்டது. கவுன்ட்டியில் அப்போது பத்து லட்சம் பேர். வரி கட்ட ஆள் குறையக் குறைய மிருகக்காட்சி சாலையும் அருங்காட்சியகமும் திண்டாடின. 1971ல் நகரமும் கவுன்ட்டியும் சேர்ந்து வாக்களித்து ஒரு பொது வரி மாவட்டத்தை உண்டாக்கின. தாவரவியல் பூங்காவும் வரலாற்று அருங்காட்சியகமும் 1980களில் அதில் சேர்ந்தன. ஆக, பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் யானைக்குத் தீனி போடுவதற்காக மட்டும் ஒரே உண்டியலில் காசு போடுகிறார்கள்.

இங்கேதான் சண்டை. 1971ல் இந்த இரண்டு பகுதிகள் மட்டும்தான் வரிக்குள் வந்தன. ஆற்றுக்கு அப்பால் இருக்கிற செயின்ட் சார்ல்ஸ் கவுன்ட்டியில் 1970ல் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. 2020ல் நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் பலர் நகரத்தையும் பழைய புறநகர்களையும் விட்டு வெளியேறிப் போனவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வரி கட்டுவதில்லை, சனி ஞாயிறு குடும்பத்தோடு வந்து இலவசமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வெளியூர்க்காரர்களிடம் டிக்கெட் வாங்கு என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. 2018ல் மிருகக்காட்சி சாலைக்காகக் கவுன்ட்டி மக்கள் விற்பனை வரியையும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்கள். மளிகை வாங்கும்போதும் யானைக்கு ஒரு பங்கு. அந்தக் குரலில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஆனாலும் டிக்கெட் தப்பான மருந்து. வாசலில் டிக்கெட் வைத்தால் ஒவ்வொருவரிடமும் முகவரி கேட்க வேண்டும். தாவரவியல் பூங்கா ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை. 1859ல் ஹென்றி ஷா திறந்த அருமையான தோட்டம் அது, காசு கொடுத்தும் பார்க்கலாம். ஆனால் அங்கே போகிறவர்கள் ஒருநாள் திட்டம் போட்டுப் போகிறார்கள். ஃபாரஸ்ட் பார்க்கில் போல, போகிற போக்கில் நுழைந்துவிட்டு வருவதில்லை. அதோடு, அடையாள அட்டை கேட்கும் வாசலில் முதலில் தயங்கி நிற்பது செயின்ட் சார்ல்ஸ் பணக்காரர் அல்ல. வீடு மாறிக்கொண்டே இருக்கும் ஏழை வாடகைக்காரரும், இங்கிலீஷ் சரியாக வராத புதுக் குடியேறியும்தான். நியாயமான வழி, புதிதாக வளர்ந்த கவுன்ட்டிகளையும் வரிக்குள் கொண்டுவருவது. அதற்கு அந்த ஊர்களின் வாக்காளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைப்பதற்கு வரி கட்டுகிறேன் என்று யார் கை தூக்குவார்கள்? ஆனால் 1916லும் 1971லும் தூக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு பகுதி பயணக் கையேடுகளில் வருவதில்லை. நகரத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது டெல்மார் என்ற சாலை. அதற்கு வடக்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள், காலியான வீடுகள். தெற்கே அழகான தெருக்கள், காபிக் கடைகள். 2025 மே 16ம் தேதி அடித்த சூறாவளி பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டு வடக்கே போய்க் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. வடக்கே வீடு வைத்திருப்பவரும் அதே அருங்காட்சியக வரியைத்தான் கட்டுகிறார். அதாவது டெக்ஸாஸிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற சுற்றுலாப் பயணிக்கு இந்த ஏழை வீட்டுக்காரரும் சேர்ந்து விருந்து வைக்கிறார். அவர் தெருப் பக்கம் பயணி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

அதனால் டிக்கெட்டில் மிச்சமாகும் காசை ஊருக்குள் சாப்பாட்டில் செலவழிப்பதே மரியாதை. விமான நிலையத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கிற சங்கிலிக் கடைகளில் இல்லை. டெல்மாருக்கு வடக்கே பழைய குடியிருப்பு ஒன்றில் 1913ல் தொடங்கிய கிரவுன் கேண்டி கிச்சன் என்ற மிட்டாய்க் கடையின் மால்ட் பிரசித்தம். அரை மணி நேரத்தில் ஐந்து மால்ட் குடித்துக் காட்டினால் காசு வேண்டாம் என்று ஒரு பந்தயமும் வைத்திருந்தார்கள். (முயற்சி செய்யாமல் இருப்பது வயிற்றுக்கு நல்லது.) தெற்கே இத்தாலியர்கள் குடியேறிய 'தி ஹில்' பகுதியில் டோஸ்டட் ராவியோலி. டோஸ்ட் என்று பெயர்தானே தவிர, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. பஜ்ஜிக்குத் தூரத்துச் சொந்தம். சைவக்காரர்கள் ஜாக்கிரதை: உள்ளே பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும். சீஸ் வைத்தது உண்டா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். உள்ளூர் பீட்ஸா அப்பளம் மாதிரி மெல்லிசு, சதுரம் சதுரமாக வெட்டித் தருவார்கள். மேலே புரோவெல் என்றொரு சீஸ். ஊர்க்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது பல்லில் ஒட்டும் மெழுகு.

பழைய ரூட் 66 சாலையில் டெட் ட்ரூஸ் கடை. ஐஸ்கிரீம் மாதிரியான ஃப்ரோசன் கஸ்டர்டு. 'கான்கிரீட்' என்று கேட்டால் கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டித் தருவார்கள், ஒரு சொட்டு விழாது. இதில் முட்டை மஞ்சள் கரு உண்டு என்பதை முட்டை சாப்பிடாத பாட்டிகளிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் தெரிந்தால் ஊர் திரும்பும்வரை பேச்சு கேட்க வேண்டியிருக்கும்.

காசு கொடுத்தே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: சிட்டி மியூசியம். பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. பாப் காசிலி என்ற சிற்பி, பழைய செருப்புக் கம்பெனிக் கிடங்கை எடுத்து, ஊரில் தூக்கிப்போட்ட இரும்பு, ஓடு, கல் எல்லாவற்றையும் வைத்து 1997ல் திறந்த விளையாட்டுக் குகை. முன்னால் அந்தரத்தில் இரண்டு விமானக் கூடுகள். மொட்டை மாடி விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு பள்ளிப் பேருந்து. செருப்புப் பெட்டிகளை இறக்கிய சுழல் சறுக்கில் இப்போது பத்து மாடி உயரத்திலிருந்து குழந்தைகள் இறங்குகிறார்கள். காசிலி 2011ல் இறந்துபோனார். 2019ல் ஒரு பொழுதுபோக்குக் கம்பெனி இடத்தை வாங்கிவிட்டது. டிக்கெட் விலை உறைக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே குழந்தையைக் கட்டாயப்படுத்தி இழுக்க வேண்டியதில்லை, வெளியே இழுத்து வருவதுதான் பாடு. அப்பாக்களுக்கு முட்டிக் கவசம் அவசியம்.

கடைசியாக அந்த வளைவு. ஈரோ சாரினென் வடிவமைத்தது, 630 அடி உயரம், அகலமும் 630 அடியே. 1965 அக்டோபரில் கட்டி முடித்தார்கள். சாரினென் 1961லேயே காலமாகிவிட்டார். இதற்காக ஆற்றங்கரையில் ஏறத்தாழ 40 பிளாக் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு, இருபது வருஷம் அந்த இடத்தைக் கார் நிறுத்துமிடமாக வைத்திருந்தார்கள். 1964ல், கட்டுமானத்தில் கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை என்று பெர்சி கிரீன் என்ற போராளி அதன் ஒரு காலில் ஏறி உட்கார்ந்து போராடினார். மேலே போகிற டிராமின் ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து பேர், முழங்கால்கள் இடிக்கும். போக நான்கு நிமிடம். நடுவில் படிகளும் உண்டு. முட்டி வலிக்காரர்களுக்குச் சரிப்படாது. கீழே இருக்கிற அருங்காட்சியகம் இலவசம், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். அங்கிருந்து பத்து நிமிட நடையில் பழைய நீதிமன்றம். டிரெட் ஸ்காட் என்ற அடிமை தன் விடுதலைக்காக 1846ல் வழக்குப் போட்ட ஊர் இது. 1850ல் இந்தக் கட்டடத்தில் ஜெயித்தார். 1857ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வளைவைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கட்டடத்தைப் புகைப்படத்தின் பின்னணியாக மட்டும் பயன்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கோடையில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. ஃபாரஸ்ட் பார்க்கில் மூனி என்றொரு திறந்தவெளி நாடக அரங்கம், ஏறத்தாழ 11,000 இருக்கைகள். கடைசி ஒன்பது வரிசைகளுக்கு எப்போதும் டிக்கெட் கிடையாது. முதலில் வருகிறவருக்கு முதலில். சாயங்காலமே போய் வரிசையில் நின்றுவிட வேண்டும். மேடை ரொம்ப தூரம், கையில் ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது.