வண்டியைத் திருப்பத் தெரியுமா சார்?

நம்ம டிரைவிங் ஸ்கூல்காரங்க மேல எனக்கு செம கடுப்பு மக்களே. நேர் ரோட்டுல ஓட்டு, கிரவுண்டுல எச் போடு, லைசென்ஸ் ரெடி! முட்டுச்சந்துல வண்டியைத் திருப்பணும்னா ஸ்டியரிங்கை வாத்தியாரே பிடிச்சுக்குவார். கிளட்சும் பிரேக்கும் ஏற்கனவே அவர் காலடியில.

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15-ஆவது விதியைப் படிங்க. முன் கியர், ரிவர்ஸ் கியர் போட்டு வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்பிக் காட்டணும்னு தேர்வுலயே இருக்கு.

இடது ஓரம் நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து, முழுசா வலது ஒடிச்சு நத்தை வேகத்துல எதிர் ஓரம். அப்புறம் முழுசா இடது ஒடிச்சு ரிவர்ஸ். கண்ணாடி மட்டும் போதாது, கழுத்தும் திரும்பணும். பின்னாடி நிக்கிற குட்டிப் பசங்க ரெண்டுலயும் தெரியமாட்டாங்க. சந்தேகம்னா இறங்கிப் பார்க்கணும். இதுக்கு ஒரு கிளாஸ் கூடக் கேட்டா பெட்ரோல் செலவாம். அப்போ வாங்கின ஃபீஸ் எதுக்குங்க?