வேதத்தை எழுத்தின்படி வாசிப்பதா, உருவகமாக வாசிப்பதா? எங்கள் நிலைப்பாடு

பள்ளிகொண்டாவிலும் பாலாற்றின் இரு கரை ஊர்களிலும் வாழும் கிறிஸ்தவர்கள் நாங்கள். லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எங்கள் சபைகள் வேறு வேறு. வேதம் வாசிக்க மட்டும் ஒன்றாகக் கூடுகிறோம். டேனரித் தொழிலாளர்கள், ஷூ அப்பர் தைக்கும் பெண்கள், ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்ற போதகர்கள் எங்களில் உண்டு. வசனத்தை எழுத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள்ள வேண்டுமா, உருவகமாகப் பொருள் கொள்ளலாமா என்ற கேள்வி இன்று குடும்பங்களுக்குள்ளும் சபைகளுக்குள்ளும் பிளவை உண்டாக்குகிறது. இதில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்கிறோம்.

எங்கள் நிலைப்பாட்டின் சுருக்கம்

ஒரு பகுதியை எப்படி வாசிப்பது என்பதை வாசிப்பவரின் வசதி முடிவு செய்யக் கூடாது. அது எந்த வகை எழுத்து என்பதே முடிவு செய்ய வேண்டும். வரலாற்றை வரலாறாக, பாட்டைப் பாட்டாக, உவமையை உவமையாக, தரிசனத்தைத் தரிசனமாக வாசிப்பதே வேதத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை. எளியவரைக் காக்கும் கட்டளையை மழுங்கடிக்கும் எந்த விளக்கத்தையும், அது எவ்வளவு பக்தியாக ஒலித்தாலும், நாங்கள் ஏற்க மாட்டோம்.

இந்த மண்ணில் இது பழைய கேள்வி

1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் சுவிங்கிலியும் நேருக்கு நேர் அமர்ந்து வாதாடினார்கள். அப்பத்தைக் காட்டி இது என் சரீரம் என்று இயேசு சொன்னது அப்படியே உண்மை என்றார் லுத்தர். அந்தச் சொற்களை மேசையின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, அதைவிட்டு இம்மியும் நகரவில்லை. அப்பம் சரீரத்தைக் குறிக்கிறது என்றார் சுவிங்கிலி. 15 விஷயங்களில் 14இல் ஒத்துப்போனவர்கள் இந்த ஒன்றில் பிரிந்தார்கள்.

அந்த இரு மரபுகளும் நம் வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. 1853இல் அமைந்த ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்க ரிஃபார்ம்டு சபை, சுவிங்கிலியும் கால்வினும் வகுத்த வழியில் வந்தது. ஆம்பூர்ப் பக்கம் வேரூன்றியது லுத்தர் மரபு. அந்த ஆம்பூர்ப் பணி பிறந்ததற்கே வேத வாசிப்பைப் பற்றிய சர்ச்சைதான் காரணம். லைப்சிக் மிஷனின் ஊழியர்களாகத் தமிழகம் வந்த தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் இருவரும் வேதம் பிழையற்றது என்ற போதனையில் உறுதியாக நின்று, தங்கள் மிஷனோடு முரண்பட்டு, அதிலிருந்து விலக நேர்ந்தது. 1894இல் மிசௌரி சினாட் என்ற அமெரிக்க லுத்தரன் சபை அவர்களை மறுபடி இங்கே அனுப்பியது. 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய அந்தப் பணி விரைவிலேயே ஆம்பூருக்குப் பரவியது. நேதர் 1904இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக் நோயால் இறந்தார். எழுத்தில் உறுதி என்பது அவருக்கு வாய்ப்பேச்சாக இருக்கவில்லை.

இதே சர்ச்சை 1974இல் மிசௌரி சினாடையும் உலுக்கியது. வேதத்தை ஆராயும் முறை பற்றிய தகராறில், செயின்ட் லூயிஸ் இறையியல் கல்லூரியின் பெரும்பாலான ஆசிரியர்களும் மாணவர்களும் வெளியேறினார்கள். இப்படி வேதத்தை மதித்தவர்களே இதில் பிரிந்திருக்கிறார்கள். ஆகவே, மாற்றுக் கருத்துக்காரரை அவிசுவாசி என்றோ அறிவிலி என்றோ யாரும் ஏசக் கூடாது என்பதே எங்கள் முதல் வேண்டுகோள்.

தோல் பதனிடும் சீமோன் வீட்டில்

வேதத்தை வாசிக்கும் முறையை வேதத்திலிருந்தே கற்கிறோம். அப்போஸ்தலருடைய நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு யோப்பா பட்டணத்துக் கடலோரத்தில், தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில் தங்கியிருக்கிறார். செத்த விலங்கின் தோலைத் தொடும் அந்தத் தொழிலை அன்றைய யூத சமூகம் தாழ்வாகப் பார்த்தது. தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளியே இருக்க வேண்டும் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. அந்த வீட்டில் என்ன நாற்றம் அடித்திருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நண்பகலில் மேல்வீட்டில் ஜெபிக்கும்போது பேதுருவுக்குப் பசி. அப்போது ஒரு தரிசனம்: வானத்திலிருந்து பெரிய துப்பட்டி ஒன்று இறங்குகிறது, அதற்குள் எல்லா வகை விலங்குகளும் இருக்கின்றன, அடித்துச் சாப்பிடச் சொல்லும் குரல் மூன்று முறை கேட்கிறது. அவர் திகைத்துக்கொண்டிருக்கும்போதே ரோமப் படைத்தலைவன் கொர்நேலியுவின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். மறுநாள் புறப்பட்டுப் போய், அந்நியனுடையது என்று யூதர் ஒதுக்கிய அவனுடைய வீட்டுக்குள் நுழைந்து பேதுரு சொன்ன விளக்கம் மனிதரைப் பற்றியது: எவரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லலாகாது எனத் தேவன் தமக்குக் காட்டினார் என்றார்.

சீமோன் நிஜ மனிதர், அவருடைய வீடும் நிஜம். துப்பட்டி தரிசனம், அதன் பொருளைப் பேதுருவே விளக்குகிறார். அந்த விளக்கத்தால் அவருக்குச் சௌகரியம் எதுவும் கிடைக்கவில்லை. எருசலேமில் இருந்த சகோதரர்களே அவரைக் கேள்வி கேட்டார்கள். நல்ல உருவக வாசிப்புக்கு நாங்கள் வைக்கும் சோதனை இதுதான்: அது நம் கடமையைக் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது.

நாங்கள் உறுதியாகச் சொல்பவை

1. இயேசு சிலுவையில் மரித்ததும் உயிர்த்தெழுந்ததும் நடந்த சம்பவங்கள். அவற்றைச் சாட்சிகள் சொன்ன செய்தியாகவே வேதம் எழுதிவைத்திருக்கிறது. அவற்றை வெறும் குறியீடாக மாற்றுவதை ஏற்கோம்.

2. உலகத்தைப் படைத்தவர் தேவன் என்பது எங்கள் அறிக்கை. ஆதியாகமத்தின் ஆறு நாட்களும் இருபத்துநான்கு மணி நேர நாட்களா என்பதில் உறுப்பினர்களின் மனச்சாட்சிக்கு இடம் தருகிறோம். சூரியன் உண்டாகும் முன் கழிந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் கேட்டார். இயற்கையைப் பற்றி அறியாமல் பேசி விசுவாசத்தைக் கேலிக்கு உள்ளாக்காதீர்கள் என்று அகுஸ்தீன் எச்சரித்தார். பள்ளியில் அறிவியல் படிக்கும் பிள்ளையிடம் பாடமா, வேதமா என்று கேட்டு வதைக்கக் கூடாது.

3. மருந்து எடுப்பது அவிசுவாசம் என்ற போதனை தவறு. எசேக்கியா ராஜாவின் ஜெபம் கேட்கப்பட்ட பிறகும், கட்டியின் மேல் அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னார் ஏசாயா. ஆற்காடு மிஷன் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்றைய வேலூர் சிஎம்சி. இன்சுலினையோ காசநோய் மாத்திரையையோ நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எந்த ஊழியருக்கும் இல்லை.

4. வெளிப்படுத்தின விசேஷம் தரிசன நூல். ஏழு நட்சத்திரங்களும் ஏழு குத்துவிளக்குகளும் எவற்றைக் குறிக்கின்றன என்று அந்த நூலே முதல் அதிகாரத்தில் விளக்குகிறது. தடுப்பூசி, ஆதார் அட்டை, பார்கோடு என்று ஒவ்வொன்றையும் மிருகத்தின் முத்திரை ஆக்குவதும், கடைசி நாளுக்குத் தேதி குறிப்பதும் மக்களைப் பயமுறுத்தும் வேலை.

5. கூலியைப் பற்றிய கட்டளைகள் எழுத்தின்படியே நம்மைக் கட்டும். கூலிக்காரனின் கூலியை இரவு தங்க வைக்காதே என்கிறது லேவியராகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. வீட்டில் அமர்ந்து பீஸ் ரேட்டுக்கு அப்பர் தைக்கும் பெண்ணுக்குக் காசைத் தள்ளிப்போடுகிற ஒப்பந்தக்காரர் எங்கள் சபையில் இருந்தால், ஆவிக்குரிய விளக்கம் எதுவும் அவரைக் காப்பாற்றாது.

6. வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு, ஒருவர் விழுந்து இறந்தால் இரத்தப்பழி உன் மேல் வரும் என்கிறது உபாகமம் 22. மாடியைத் தாண்டி இந்தக் கட்டளையை நீட்டுவது எங்கள் கடமை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள். தெளிந்த நீரைக் குடித்துவிட்டு மீதியைக் காலால் கலக்கும் கொழுத்த ஆடுகளை எசேக்கியேல் 34 கண்டிக்கிறது. ஆடுகள் உருவகம், அந்த அநியாயம் நிஜம். தோல் ஆலைக் கழிவால் நேர்ந்த பாலாற்று மாசு குறித்து 1996இலும் 2025இலும் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளை நிறைவேற்றக் கோருவது எங்கள் வேத வாசிப்பின் ஒரு பகுதி.

7. கிறிஸ்துவுக்குள் அடிமை, சுயாதீனன் என்ற பேதமில்லை என்பதை ஆவிக்குரிய சமத்துவம் மட்டும் என்று சுருக்கி, கல்லறையிலும் கல்யாணத்திலும் சாதி பார்ப்பது வேதத்தைப் புரட்டுவது. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்ற வரியை மட்டும் எழுத்தின்படி பிடித்துக்கொண்டு, அதே நிருபத்தில் பெண்கள் ஜெபித்ததையும் தீர்க்கதரிசனம் சொன்னதையும் விட்டுவிடுவதும் அப்படியே.

எங்கள் வேண்டுகோள்

போதகர்களே, பிரசங்கத்தில் ஒரு பகுதியை எடுக்கும்போது அது யாருக்கு, எந்தச் சூழலில், எந்த வகையில் எழுதப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் அடக்காதீர்கள். உள்ளுறையும் இறைச்சியும் வகுத்த தொல்காப்பியத்தின் மொழியில் வளரும் பிள்ளைகளுக்கு உவமையும் உருவகமும் கடினமானவை அல்ல. குடும்பங்களே, இந்தக் கருத்து வேறுபாட்டுக்காகச் சம்பந்தத்தையோ துக்க வீட்டுக்குப் போவதையோ நிறுத்தாதீர்கள். எந்த வசனத்துக்கு யார் எந்த விளக்கம் தந்தாலும், அதனால் சுமை கூடுவது யாருக்கு, குறைவது யாருக்கு என்று கேளுங்கள். சுமை எப்போதும் எளியவர் தலையிலேயே விழுந்தால், அந்த விளக்கத்தை மறுபடி வேதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த நிலைப்பாட்டில் தவறு காண்பவர்கள் வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் கூடுகைக்கு வரலாம். அவர்களோடு சேர்ந்து வாசிக்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.