காங்கோ போகும் பிள்ளைகளும் கையில் இருக்க வேண்டிய காகிதங்களும்



நம் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள் என்றால் முன்பெல்லாம் வளைகுடா, சிங்கப்பூர், அமெரிக்கா என்றுதான் கேள்விப்படுவோம். இப்போது கின்ஷாசா, லுபும்பாஷி என்ற பெயர்களும் காதில் விழுகின்றன. கணக்கு எழுத, கடையைப் பார்த்துக்கொள்ள, ஜெனரேட்டர் பழுது பார்க்க என்று ஆள் கேட்கிறார்கள். பி.காம். படித்துவிட்டு டெல்லியில் சொற்பச் சம்பளத்தில் காலம் தள்ளும் பையனுக்கு டாலரில் சம்பளம் என்றால் ஆசை வருவது இயல்புதான். போகக் கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. போகிற முறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்டின் விசா விதிகளைப் பற்றி நம்மவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்கிறேன். "அவ்வளவு ஏழை நாடு, இத்தனை காகிதம் ஏன் கேட்கிறான்?" என்கிறார்கள். அந்த விதிகள் நம் பிள்ளைகளுக்குப் பகை அல்ல. அவற்றைச் சுற்றிக்கொண்டு போக வழி சொல்கிறவர்தான் பகை என்பது என் கருத்து.

முதலில், எந்தக் காங்கோ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு தலைநகரங்கள் இருக்கின்றன. தென்கரையில் கின்ஷாசா. இது பெல்ஜியம் ஆண்ட பகுதி. 1971 முதல் 1997 வரை ஸையர் என்று பெயர். இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு. வடகரையில் பிரஸ்ஸாவில். இது பிரான்ஸ் ஆண்ட பகுதி, காங்கோ குடியரசு. நாடு வேறு, நாணயம் வேறு, விசாவும் வேறு. ஒன்றின் விசாவைக் காட்டி மற்றதற்குள் போக முடியாது. வேலைக் கடிதத்தில் வெறுமனே 'காங்கோ' என்று மட்டும் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள். நான் கீழே எழுதுவது கின்ஷாசா காங்கோவைப் பற்றியது.

அங்கே போக, புதுடெல்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்தில் முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். போய் இறங்கி வாங்கிக்கொள்ளலாம் என்று புறப்படுவது வீண் வேலை. ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, அழைப்புக் கடிதம், போகவர டிக்கெட் விவரம் ஆகியவை அடிப்படை. கட்டணமும் படிவமும் மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

அழைப்புக் கடிதம் என்பது நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை போன்றது அல்ல. பிரெஞ்சில் 'ப்ரீஸ் ஆன் ஷார்ஜ்' என்பார்கள். வருகிறவரின் தங்கும் செலவுக்கும் திரும்பும் செலவுக்கும் நான் பொறுப்பு என்று அழைப்பவர் எழுதிக் கையெழுத்திட்டு, அந்நாட்டு அதிகாரிகளிடம் முத்திரை பெற்று அனுப்ப வேண்டும். அதாவது, அந்த அரசு நம் பையனுக்காக ஓர் ஆளைப் பொறுப்பாக்குகிறது. நாளைக்கு ஒரு தகராறு வந்தால் நம் பையன் காட்டக்கூடிய முதல் ஆதாரம் அதுதான். அதை எழுதித் தரத் தயங்கும் முதலாளியை நம்பிப் பிள்ளையை எப்படி அனுப்புவது?

அடுத்தது ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். டெல்லியில் மந்திர் மார்க்கில் உள்ள மையம் நம்மில் பலருக்குத் தெரிந்ததே. சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் உண்டு. 2016 ஜூலையிலிருந்து உலக சுகாதார நிறுவன விதிப்படி ஒருமுறை போட்ட ஊசி ஆயுளுக்கும் செல்லும். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அறுபது வயது கடந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போடாமலேயே மஞ்சள் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இது வெறும் ஏமாற்று அல்ல, உயிரோடு விளையாட்டு. 2016-இல் அங்கோலாவிலிருந்து இந்தக் காய்ச்சல் கின்ஷாசாவுக்கு வந்தது. தடுப்பூசி போதாமல், ஓர் ஆளுக்குரிய மருந்தை ஐந்தாகப் பங்கிட்டு அந்த நகரில் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டார்கள். அதே ஆண்டில் அங்கோலாவில் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய சீனர்கள் 11 பேருக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது. ஆசியாவில் இல்லாத நோய் இது. ஆனால் இதைப் பரப்பும் கொசு நம் வீட்டுக் கூலரிலும் பூந்தொட்டியிலும் இருக்கிறது. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். அதனால்தான் அங்கிருந்து சான்று இல்லாமல் திரும்புகிறவரை நம் அரசு ஆறு நாள் வரை தனியே வைக்கிறது. போலி அட்டை வைத்திருக்கும் பையன் தன் உயிரோடு நம் தெருவின் உயிரையும் பணயம் வைக்கிறான்.

இனி முக்கியமான விஷயம். சென்ற ஆண்டு மயூர் விஹாரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் மகனின் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். கணக்கர் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். அழைப்புக் கடிதத்திலோ வியாபார விஷயமாக ஒரு மாதம் வந்து போகிறவர் என்று இருந்தது. ஒப்பந்தம் முழுவதும் பிரெஞ்சு. பையன் ஒரு வரிகூடப் புரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தான். கேட்டால், "அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜண்ட் சொல்லிவிட்டார், சார்" என்றான்.

ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவர், டோக்கனைப் பிறகு அனுப்பிவைப்பார் என்று சொன்னால் எந்த டிரைவராவது புறப்படுவாரா?

அந்நாட்டில் அயல்நாட்டார் சம்பளத்துக்கு வேலை செய்ய, தொழில் அமைச்சகத்தின் வழியாக வேலை அட்டை பெற வேண்டும். குடிவரவுத் துறையிடம் வேலைக்கான தங்கும் விசா பெற வேண்டும். இரண்டுக்கும் முதலாளிதான் முன்னின்று விண்ணப்பிக்க வேண்டும், செலவும் உண்டு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு மாத விசாவில் ஆளை வரவழைப்பது. ஒரு மாதம் முடிந்ததும் பையன் சட்டத்துக்குப் புறம்பான ஆள் ஆகிவிடுகிறான். சம்பளம் தராவிட்டால் புகார் செய்ய முடியாது. தெருவில் போலீஸ்காரர் நிறுத்தினால் முதலாளிக்குத்தான் போன் செய்ய வேண்டும். சங்கிலி இல்லாமலே கட்டிப்போட்டது போலத்தான்.

அந்தக் குடும்பத்தாரிடம், வேலை அட்டைக்கு முதலாளி எழுதித் தரட்டும், பிறகு போகலாம் என்றேன். முதலாளி எழுதித் தரவில்லை. பையன் போகவில்லை, ஃபரீதாபாத்தில் பாதிச் சம்பளத்தில் இருக்கிறான். அவனுடைய அம்மாவுக்கு என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

விமான நிலையத்தில் நம் அரசு தடுக்கவில்லையே, அப்படியென்றால் எல்லாம் சரிதானே என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இ.சி.ஆர். முறைப்படி வேலைக்குப் போகிறவரின் ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பது 18 நாடுகளுக்கு மட்டுமே. காங்கோ அந்தப் பட்டியலில் இல்லை. தவிரவும், பத்தாம் வகுப்பு தேறியவருக்கு அந்த முறையே பொருந்தாது. ஆக, நம் பையன் கையில் உள்ள ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கும் அதிகாரி யாருமில்லை. 1979-இல் ரைட்ஸ் நிறுவனத்தின் மூலம் நம் ரயில்வேக்காரர்கள் நைஜீரியாவுக்குப் போனது அரசாங்க ஏற்பாடு. பின்னால் ஓர் அலுவலகம் நின்றது. இன்று தனியாகப் போகும் பிள்ளைக்குப் பின்னால் நிற்பது குடும்பம் மட்டுமே.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று இல்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜண்ட் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொன்று, பாஸ்போர்ட். போய் இறங்கியதும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்த முதலாளிக்கும் அதைப் பிடித்துவைக்க உரிமையில்லை. 2025 பிப்ரவரியில் கிழக்குக் காங்கோவில் சண்டை முற்றியபோது, புக்காவு நகரில் இருந்த இந்தியர்கள் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று கின்ஷாசாவில் உள்ள நம் தூதரகம் அறிவித்தது. அந்த நேரத்தில் பாஸ்போர்ட் வேறொருவர் பூட்டில் இருந்தால் பிள்ளை எங்கே போவான்? போய்ச் சேர்ந்த வாரமே நம் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் இங்கே அப்பாவிடம் ஒரு கட்டு இருக்க வேண்டும்.

அவர்கள் கேட்கும் காகிதங்களைப் பற்றி அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கிருந்து நீண்ட நாள் விசாவில் இங்கே படிக்க வரும் மாணவர் 14 நாளுக்குள் நம் பதிவு அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும். மஞ்சள் அட்டையை நாமும்தான் கேட்கிறோம். 2016 மே மாதம் நம் தெற்கு டெல்லியில் ஒரு காங்கோ இளைஞர் ஆட்டோ பிடிப்பதில் ஏற்பட்ட தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து கின்ஷாசாவில் இந்தியர் கடைகள் தாக்கப்பட்டன. பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருக்கும் அந்நாட்டுப் பிள்ளையை நாம் நடத்தும் விதமும் நம் பிள்ளையின் பாதுகாப்புக்கு ஒரு சான்றிதழ் மாதிரிதான்.

நம் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உட்கார்ந்து, வெளிநாடு போகும் பிள்ளைகளின் காகிதங்களைப் படித்துப் பார்க்கலாம். பிரெஞ்சு தெரிந்த நம் மாணவர்கள் டெல்லிப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்ல அவர்களை அழைக்கலாம். இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். மேஜை, நாற்காலி, பொறுமை போதும். செயற்குழு ஒப்புக்கொண்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளட்டும்.